மூன்றாவது பங்குதாரரின் கையெழுத்து

தொழில் தொடங்க வருகிறவர்களுக்கு இலவசமாகச் சட்ட யோசனை சொல்ல, கோவில்பட்டியில் நீங்கள் ஐந்து இளம் வக்கீல்கள் சேர்ந்து ஒரு மேசை போட்டிருக்கிறீர்கள். திறந்து வைக்க என்னைக் கூப்பிட்டீர்கள். ரிப்பனை வெட்டினேன், நாலு வார்த்தை பேசினேன், கேசரி சாப்பிட்டுவிட்டு வந்தேன். அந்த நாலு வார்த்தை சரியாக அமையவில்லை. "இத்தனை வருஷத்துல நீங்க கத்துக்கிட்ட முக்கியமான பாடம் என்ன சார்?" என்று உங்களில் ஒரு பெண் கேட்டார். நேர்மை, உழைப்பு என்று எல்லோரும் சொல்வதையே சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. மேடையில் சொல்ல வெட்கப்பட்டதை இதில் எழுதிவிடுகிறேன்.

எந்தத் தொழிலுக்கு எந்த உரிமம், எந்த அலுவலகம், எத்தனை நகல் என்பதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நம்மை நம்பி வந்தவர் விஷயத்தில் நாமே தப்புச் செய்துவிட்டால் என்ன செய்வது என்பது அதில் இருக்காது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் தொழிலுக்கு வந்தேன். கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில், சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. கோட்டின் கறுப்பு மங்கவே இல்லை. போட்டுக்கொண்டு போக வழக்கு இருந்தால்தானே மங்கும். காலையில் கோர்ட்டுக்குப் போய் வக்கீல்கள் அறையில் உட்கார்ந்திருப்பேன். மாலையில் மாடிக்கு வந்து, படியில் யாராவது ஏறுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். பெரும்பாலும் சைக்கிள் கடைக்காரர்தான் ஏறி வருவார், பேப்பர் படிக்க.

அப்போது ஸ்டார்ட்அப் என்ற சொல் எல்லாம் கிடையாது. 'ஒரு தொழில் போடப்போறோம்' என்பார்கள். ரெண்டு வருஷம் மழை பொய்த்தால் கரிசல்காட்டுச் சம்சாரி வேறு என்ன செய்வார்? குளத்தூர் பக்கத்தில் இருந்தவர் உப்பளத்துக்குப் போவார். இந்தப் பக்கத்தில் இருந்தவர் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவார். ஆபீஸ் என்றதும் மின்விசிறியும் நாற்காலியும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அங்கே பத்து வருஷம் வேலை பார்த்து நெளிவு சுளிவு தெரிந்துகொண்டவர்களில் ஒன்றிரண்டு பேருக்கு, நாமே சின்னதாக ஒன்று போட்டால் என்ன என்று ஆசை வரும்.

அப்படி ஆசைப்பட்டு என் மாடிப் படி ஏறி வந்தவர் குருவம்மாள். கயத்தாறுக்குக் கிழக்கே ஐந்து மைலில் ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் இல்லை. பன்னிரண்டு வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கும் பெண்களுக்கு மேற்பார்வை பார்த்தவர். பள்ளம் வெட்டிய பலகைகளில் தீக்குச்சிகளை வரிசையாக அடுக்கி இறுக்கினால் அது ஒரு கட்டை. பெண்கள் அதை வீட்டில் இருந்தபடியே அடுக்கிவிடுவார்கள். பிறகு ஆபீஸுக்குக் கொண்டுபோய் மருந்தில் முக்க வேண்டும். கூட வந்தவர் அவருடைய தம்பி அழகர்சாமி. பசுவந்தனையில் மானாவாரி நிலத்தை நம்பி அலுத்துப்போய், உழவு மாட்டை விற்றுவிட்டு அக்காவோடு சேர வந்திருந்தார். கயத்தாறில் சாலையோரம், முன்பு பருத்தி மூட்டை அடுக்கி வைத்திருந்த ஒரு பழைய கிட்டங்கியை வாடகைக்குப் பேசியிருந்தார்கள்.

"எத்தனை பேர் பங்குதாரர்?" என்று கேட்டேன், பேனாவைத் திறந்துகொண்டு.

"மூணு பேர் சார்," என்றார் குருவம்மாள். "நான், என் தம்பி, சாஸ்தா."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சாமிய எதுக்கும்மா பத்திரத்துல சேர்க்கணும்? படம் மாட்டிக் கும்பிட்டாப் போதாதா?"

"கும்பிடுதது வேற சார், பங்கு வேற. எங்க அய்யா காலத்துல வெதைக்கையிலேயே அவருக்குன்னு ரெண்டு சால் ஒதுக்குவாவ. இப்ப நாங்க தொழில் போடுதோம். அவர வெளிய நிறுத்திட்டு நாங்க மட்டும் உள்ள போக முடியுமா?"

கண்மாய்க்கரை சாஸ்தா அந்தப் பக்கத்தில் பல குடும்பங்களுக்குக் குலசாமி. பங்குனி உத்திரத்தன்று எந்த ஊரில் பிழைப்பவராக இருந்தாலும் அங்கே வந்துவிடுவார். சம்சாரி, வியாபாரி என்ற பேதம் இல்லை. விளைச்சலிலும் வியாபாரத்திலும் சாமிக்குப் பங்கு வைப்பது வழக்கம்தான். ஆனால் அது வாய்ப்பேச்சில் இருக்கும். பத்திரத்தில் எழுத முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எழுந்து அடுத்த வக்கீலிடம் போய்விடுவார்களோ என்று பயம். வாராது வந்த கட்சிக்காரர்கள் அல்லவா. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'மூன்றாவது பங்குதாரர்: கண்மாய்க்கரை சாஸ்தா' என்று எழுதி, முகவரி என்ற இடத்தில் 'கண்மாய்க்கரை' என்றே போட்டேன். அதே கையோடு கிட்டங்கி வாடகை ஒப்பந்தத்திலும் மூன்று பங்குதாரர் பெயரையும் எழுதினேன். கிட்டங்கிச் சொந்தக்காரர் சங்கரலிங்கம் அண்ணாச்சி, கயத்தாறில் பலசரக்கு மொத்த வியாபாரி. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இங்கிலீஷ்ல இருக்கு, என்ன எழுதியிருக்கீயளோ" என்று சிரித்துக்கொண்டே போனார்.

கூட்டுத் தொழில் பத்திரத்தைப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதினைந்தாம் நாள் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'மூன்றாம் பங்குதாரரின் வயது, தகப்பனார் பெயர், கையெழுத்து இல்லை. பூர்த்தி செய்து அனுப்பவும்.' எழுதிய குமாஸ்தா கிண்டலாக எழுதினாரா, கடமைக்கு எழுதினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாஸ்தாவின் தகப்பனார் பெயரைக் கேட்டால் ஒரு பெயரோடு முடியாது என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

அன்றே கயத்தாறுக்குப் பஸ் ஏறியிருந்தால் இது வெறும் வேடிக்கைக் கதையாக முடிந்திருக்கும். 'நான் எழுதியது தப்பு, இந்தப் பத்திரம் செல்லாது, வேறு எழுதிப் போடுவோம்' என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் சொல்லவில்லை. முதல் பத்திரமே திரும்பி வந்ததை எப்படிச் சொல்வது? வக்கீல்கள் அறையில் தெரிந்தால் 'சாஸ்தா வக்கீல்' என்று பட்டப்பெயரே வைத்துவிடுவார்கள். மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். நிதானமாகச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். குருவம்மாள் எப்போதாவது கேட்பார். "ஆபீஸ்ல இருக்கும்மா, வந்துரும்," என்பேன். தீப்பெட்டி உரிமம் அக்கா தம்பி இருவர் பெயரிலும், அந்தக் கிட்டங்கி முகவரிக்குத் தனியாக வந்துவிட்டது. வேலையும் தொடங்கிவிட்டது. அதனால் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. எட்டு மாதம் ஓடிப்போனது. தொழிலில் நான் செய்த பெரிய தப்பு பத்திரத்தில் சாமி பெயரை எழுதியது இல்லை, இந்த எட்டு மாதம்தான்.

புரட்டாசிக் கடைசி. ஒரு திங்கட்கிழமை காலை அழகர்சாமி மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.

"சார், கிட்டங்கியப் பூட்டிட்டாரு அண்ணாச்சி. நம்ம பூட்டுக்கு மேல அவரு பூட்டு. லாரிக் கம்பெனிக்காரன் பார்சல் ஆபீஸ் போடக் கேட்டானாம். சாமானத்தை எடுத்துட்டுப் போயிருங்கங்காரு. ஒப்பந்தம் இருக்கேன்னு கேட்டா, அது என்ன பெரிய ஒப்பந்தம்ங்காரு."

இதில் என்ன ஆபத்து என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். உரிமம் அந்தக் கட்டடத்துக்குக் கொடுத்தது. கட்டடம் போனால் உரிமமும் போனது மாதிரி. வேறு இடம் பார்த்து, ஒவ்வொரு அலுவலகமாக மறுபடியும் ஏறி இறங்க வேண்டும். ஐப்பசி மழை வேறு வாசலில் நிற்கிறது. ஊரில் முப்பது பெண்கள் வீட்டில் கட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மருந்து முக்காமல் மழை ஈரத்தில் கிடந்தால் குச்சி வீணாகும். முதல் வருஷத்துத் தொழில் அந்த அடியைத் தாங்காது.

"கேஸ் போட்ருவோம் சார்," என்றார் அழகர்சாமி. "போட்ருவோம்," என்றேன். வாய்தான் சொன்னது. பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் தன் ஒப்பந்தத்தை வைத்து வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது என்ற விதி எனக்குத் தெரியும். உடனே நீங்கள் கை தூக்குவீர்கள், எனக்குத் தெரியும்: ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, அத்துமீறி வெளியேற்றினார் என்று, இடம் அவர்கள் கைவசம் அனுபவத்தில் இருந்ததை மட்டும் வைத்து வழக்குப் போட்டிருக்கலாமே என்று. போட்டிருக்கலாம். எனக்கு அன்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் உத்தரவு வருவதற்குள் மழை முந்தியிருக்கும்.

அன்று மத்தியானம் வக்கீல்கள் அறையில், சங்கரலிங்கம் அண்ணாச்சியின் வக்கீல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைவிட இருபது வருஷம் மூத்தவர். சிவில் வழக்கில் பேர்போனவர். பேரைச் சொல்ல வேண்டாம். வெற்றிலையை மடித்தபடி மெதுவாகப் பேசினார்.

"என்ன தம்பி, உன் கட்சிக்காரங்க பத்திரம் திரும்பி வந்துட்டுதாமே?"

பதிவேட்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

"பதட்டப்படாத. என் கட்சிக்காரருக்குக் கிட்டங்கி வேணும், உனக்கு உன் பேரு வேணும். சமாதானமாப் போயிருங்கன்னு அவியகிட்ட நீயே சொல்லிரு. சாமானம் எடுக்க ஒரு மாசம் வாங்கித் தாரேன். பத்திரம் திரும்பி வந்தது அவியளுக்குத் தெரிய வேண்டாம். நானும் வாயத் திறக்கமாட்டேன்."

உண்மையைச் சொல்கிறேன்: அந்த நிமிஷம் அவர் காலில் விழலாம் போல இருந்தது. என் தப்பு யாருக்கும் தெரியாமலே மண்ணுக்குள் போய்விடும். கட்சிக்காரர்களுக்குக் 'கோர்ட்டு, கேஸ்னு அலையுறதுக்கு இது மேல்' என்று சொன்னால் நம்புவார்கள். என்னைத்தான் நம்புகிறார்களே.

மாலை பஸ் ஏறினேன். கயத்தாறில் இறங்கி, அந்த ஊர்ப் பக்கம் போன மாட்டு வண்டியில் தொற்றிக்கொண்டு, அவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். 'பெரிய இடத்துப் பகை நமக்கு வேண்டாம்மா' என்று தொடங்குவதாக ஏற்பாடு.

தெருவுக்குள் நுழைந்தால், வீட்டுக்கு வீடு வாசலில் கட்டைகள் அடுக்கி, மேலே சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். சில வீடுகளில் பெண்கள் இன்னும் அடுக்கிக்கொண்டே இருந்தார்கள். பூட்டுப் போட்டது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் கை நிற்கவில்லை. குருவம்மாள் எழுந்து வந்தார், பின்னால் அழகர்சாமியும்.

"வாங்க சார். கேஸுக்கு ஆள் அனுப்புவீங்கன்னு பார்த்தேன், நீங்களே வந்துட்டீங்க. ஏட்டி, இனிமே பயமில்ல, வக்கீலு வந்துட்டாவ," என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னார்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போயிற்றோ. நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பத்திரம் திரும்பி வந்தது, எட்டு மாதம் இழுப்பறையில் கிடந்தது, வழக்குப் போட முடியாது, எதிர்க்கட்சி வக்கீல் பேரம் பேசியது, நான் அதற்கு ஒத்துக்கொண்டுதான் கிளம்பி வந்தது வரைக்கும்.

அழகர்சாமி முகம் கறுத்துவிட்டது. "எட்டு மாசம்," என்றார். "ஒரு வார்த்த சொல்லல. நான் மாட்ட வித்துட்டு வந்தவன் சார். உங்க பேரு கெட்டுரும்னு எங்க அடுப்புல தண்ணிய ஊத்திட்டீங்களே." அதற்குமேல் அவர் சொன்னதையும் எழுதலாம், எல்லாம் நியாயம்தான்.

குருவம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பத்திரம் இப்ப எங்க இருக்கு?"

"என் மேசையில."

"நாளைக்குக் காலையில எல்லாத்தையும் கொண்டாந்து குடுத்துருங்க."

மறுநாள் காலை அவர்கள் காகிதம் மொத்தத்தையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு நல்ல வக்கீலாகப் பாருங்கள் என்றேன். "சரி," என்று வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது, இந்த ஊரில் இனி நமக்குத் தொழில் இல்லை, வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அன்று மத்தியானம் ஆள் வந்தது. குருவம்மாள் சாயந்தரம் கயத்தாறுக்கு வரச் சொன்னாராம்.

கயத்தாறில் கடைக்காரர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை சாயந்தரம் கூடுவார்கள். கொடுக்கல் வாங்கல் தகராறு, இடத் தகராறு எல்லாம் அங்கே பேசித் தீர்ப்பார்கள். சங்கரலிங்கம் அண்ணாச்சியும் அதில் உறுப்பினர். கட்டட வாசலில் குருவம்மாள் மஞ்சள் பையோடு நின்றிருந்தார்.

"நீங்க எங்களுக்காகப் பேச வேண்டாம் சார்," என்றார். "நான் சொல்லும்போது பத்திரத்தை வாசிச்சாப் போதும். இங்கிலீசு எனக்கு வராது."

உள்ளே போனோம். தலைவர் ஜவுளிக்கடைக்காரர். அவர் தன்மையாகத்தான் சொன்னார்: "தாயி, இங்கன மெம்பர் புகாரத்தான் எடுப்போம். நீ மெம்பர் இல்லயே."

"நான் மெம்பருன்னு சொல்லல அய்யா. மெம்பரு ஒருத்தரோட புகாரக் கொண்டாந்திருக்கேன்."

"யாரு அது?"

"கொடைக்கு வரிப் பட்டியல் வாசிக்கையில மொதல்ல யாரு பேர வாசிப்பீங்க அய்யா?"

செயலாளர் நோட்டைத் திறக்கக்கூட இல்லை. அந்தச் சங்கத்தின் உறுப்பினர் நோட்டில் ஒன்றாம் நம்பருக்கு நேரே கண்மாய்க்கரை சாஸ்தா பெயர்தான் இருக்கும். தலைவர் பெயர்கூட அதற்குக் கீழேதான். வருஷா வருஷம் கோவில் கொடைத் திருவிழாவன்று ஒலிபெருக்கியில் அப்படித்தான் வாசிப்பார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குத்தான் தெரியவில்லை.

"வாசிங்க சார்," என்றார் குருவம்மாள்.

வாசித்தேன். வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். சிவப்பு மையில் திருப்பி அடித்த அதே வரி வந்தது. 'மூன்றாவது பங்குதாரர்: கண்மாய்க்கரை சாஸ்தா.' பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். தலைவர் திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டார். இந்தப் பத்திரம் பதிவாகவில்லை, அது என் தப்பு, கோர்ட்டில் இது நிற்காது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் அன்று இன்னொன்றை மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. அடுத்து வாடகை ஒப்பந்தத்தை வாசித்து, அண்ணாச்சியின் கையெழுத்தைப் பக்கம் பக்கமாகக் காட்டினேன்.

சங்கரலிங்கம் அண்ணாச்சி எழுந்தார். "தலைவரே, நான் சாமியவா பூட்டி வச்சேன்? அவரு பேரு இருக்கது எனக்குத் தெரியாது. இந்தப் பொம்பளையவும் தம்பியவும் மட்டுந்தான்..." என்று இழுத்தார்.

தலைவர் அவரையே பார்த்தார். "அவிய ரெண்டு பேர மட்டும்னா பூட்டலாமாக்கும்?"

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "லாரிக்காரனுக்கு வாக்குக் குடுத்துட்டேன்," என்றார்.

"மொதல்ல யாருக்குக் குடுத்த?"

அண்ணாச்சி மடியிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். சங்கத்துக்குச் சாலையோரம் ஒரு காலி மனை இருந்தது; அதை லாரிக் கம்பெனிக்கு விடுவதென்று அங்கேயே பேசி முடித்தார்கள். அண்ணாச்சியின் வாக்கும் காப்பாற்றப்பட்டது. புதன்கிழமை காலையில் கிட்டங்கி திறந்தது. சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. அதற்குள் ஊரில் இருந்த கட்டை அத்தனையும் மருந்து கண்டு உலர்ந்துவிட்டது.

சாமி பெயரைப் பத்திரத்தில் எழுதினால் காரியம் நடக்கும் என்று யாரும் இதைப் புரிந்துகொண்டு விடாதீர்கள். நான் எழுதியது தப்பு, இன்றைக்கும் தப்பு. அது என் இழுப்பறையில் கிடந்த எட்டு மாதமும் வெறும் தப்பாகத்தான் கிடந்தது. குருவம்மாள் கைக்குப் போன ஒரே நாளில் அதில் ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டார். அவருக்குத் தெரிந்த ஊர் எனக்குத் தெரியாது. வருகிற கட்சிக்காரருக்குச் சட்டம் தெரியாது என்பதால் ஒன்றுமே தெரியாது என்று நினைத்துவிடுகிறோம். உள்ளதை உள்ளபடி அவரிடம் வைத்தால், நமக்குத் தெரியாத எத்தனையோ ஆட்களும் இடங்களும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

சங்கம் கூடியதற்கு மறுநாள் அந்த மூத்த வக்கீல் வக்கீல்கள் அறையில் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று போனேன். ஒரு முழுத்தாளை நீட்டினார். அவர் கையெழுத்தில் ஒரு பத்தி: பங்குதாரர் இருவர் என்றும், லாபத்தில் ஒரு பகுதியைச் சாமி கைங்கரியத்துக்கு ஒதுக்குவது என்றும், அதை எப்படி எழுதினால் செல்லும் என்றும். "இப்படி எழுதினா திரும்பி வராது," என்றார்.

"அன்னைக்கு என்னைச் சோதிச்சுப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டேன். அப்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

"சோதனையும் இல்ல ஒண்ணும் இல்ல. உன் இடத்துல இருந்தா நான் மறைச்சிருப்பேன்," என்றார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "மறைச்சும் இருக்கேன்," என்றார். அந்தப் பத்தியைத்தான் அடுத்த முப்பது வருஷம் எத்தனையோ பத்திரங்களில் எழுதினேன். அவருக்கு நான் கடமைப்பட்டவன்.

அந்த வாரக் கடைசியில் குருவம்மாள் மாடி ஏறி வந்தார். பின்னால் அழகர்சாமி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. மஞ்சள் பையை என் மேசைமேல் வைத்தார்.

"என்னம்மா இது?"

"நம்ம காகிதம். உங்ககிட்டயே இருக்கட்டும்."

"நான்தான் கெடுத்தேன்," என்று மட்டும் சொன்னேன்.

"ஆமா. கெடுத்தீங்க. வந்து சொல்லவும் செஞ்சீங்க. அங்கன அத்தனை பேருக்கு முன்னாலயும் சொன்னீங்க. இன்னொரு வக்கீலு கெடுத்தா வந்து சொல்லுவாரோ என்னவோ, யாருக்குத் தெரியும்? இனிமே ஏதாவது திரும்பி வந்தா அன்னைக்கே சொல்லணும். அது ஒண்ணுதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவரு பேர எடுக்கணுமாக்கும்?" என்று கேட்டார். அந்தப் புதிய பத்தியை வாசித்துக் காட்டினேன். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். "சரி, கையெழுத்துப் போடாட்டியும் பங்கு இருக்குல்லா," என்று ஒத்துக்கொண்டார். அந்த முறை பத்திரம் திரும்பி வரவில்லை.

அந்தச் சங்கத் தலைவர் சும்மா விடவில்லை. புதுசாகத் தொழில் போடுகிற யாராக இருந்தாலும், உறுப்பினரோ இல்லையோ, சனிக்கிழமை சங்கத்தில் வந்து பத்திரத்தைக் காட்டிவிட்டுப் போகட்டும் என்று சொல்லி, கூடத்தின் மூலையில் ஒரு மேசையும் பெஞ்சும் போட்டு என்னை உட்கார வைத்தார். சங்கரலிங்கம் அண்ணாச்சியே ஆள் அனுப்புவார், "எதுல கையெழுத்துப் போடுதோம்னு அவியகிட்டக் கேட்டுட்டுப் போடுங்க" என்று. சட்டம் எனக்குத் தெரியும். கிட்டங்கி யாரிடம் காலியாக இருக்கிறது, எந்த அலுவலகத்தில் யார் பொறுமையாகப் பதில் சொல்வார், யார் ஜாமீன் நிற்பார் என்பதெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்துதான் நிறையத் தொழில்கள் நின்றன. நீங்கள் இன்று திறந்திருக்கும் மேசைக்கு முன்னால் அந்த மேசை இருந்தது என்பதைச் சொல்லத்தான் அன்று வந்தேன்; சொல்லாமல் வந்துவிட்டேன்.

அழகர்சாமி மட்டும் அந்த ஜன்னல் பக்கம் திருப்பிய முகத்தை என் பக்கம் திருப்ப வெகுகாலம் ஆயிற்று. காகிதம் கொண்டுவருவார், வாங்கிப் போவார், அளவாகப் பேசுவார். நானும் அதை அவர் உரிமை என்று விட்டுவிட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை சங்கத்துக்கு வந்தார். கூடவே அவருடைய மகளும் மருமகனும். இருவரும் சேர்ந்து கடலைமிட்டாய்த் தொழில் போடப்போகிறார்களாம். மருமகன் படித்தவர், என் மேசையையும் சாயம் போன கோட்டையும் பார்த்துவிட்டு, மாமனாரைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய் மெல்லக் கேட்டார், திருநெல்வேலியில் பெரிய வக்கீலாகப் பார்க்கலாமே என்று. மெல்லக் கேட்டாலும் எனக்குக் கேட்டது.

அழகர்சாமி மெல்லப் பேசவில்லை. பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

"இவியகிட்டயே குடுங்க மாப்ள. தப்பா எழுதினா அன்னைக்கே பஸ் ஏறி வந்து சொல்லிருவாவ."